இடப்பக்கம் திருப்பும் குமிழ்

மார்ச் 1

தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் உன்னிடமிருந்து பதில் வராது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக என் போனை நீ எடுப்பதில்லை. நேரில் வந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவாய். கடிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போட மட்டும் உனக்கு மனம் வராது. பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூடப் பிரித்து வைத்துப் படிக்கிறவன் நீ என்று உன் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

இதனுடன் ஒரு படிவம் இருக்கிறது. போன முறை என் கண் முன்னால் நாலாகக் கிழித்தாயே, அதேதான். பதினொரு வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்து காணாமல் போன என் கணவரை இறந்தவராக அறிவிக்கச் சொல்லிக் கேட்கும் மனுவுக்கு, ரத்த உறவு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அப்பா அம்மா இல்லை. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். ‘அன்றிலிருந்து இன்றுவரை அவரிடமிருந்தோ அவரைப் பற்றியோ எனக்கு எந்தத் தகவலும் இல்லை’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே உன் கையெழுத்து. அவ்வளவுதான். இம்மாதம் இருபத்து நாலாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. இந்த முறையும் தாள் வரவில்லை என்றால் மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று நீதிமன்ற எழுத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். ஒருவர் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறார். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரே வருடத்தில் நாலு முறை கண்ணாடிக் காலை உடைத்துக்கொண்டு வந்தார். நாலாவது முறைதான் எனக்கு உறைத்தது, அது தானாக உடையவில்லை என்று. மனைவியை இழந்தவர். அந்த நாலாவது முறையிலிருந்து மூன்றரை வருடமாக எனக்காகப் பொறுமையாக இருக்கிறார். ஏப்ரலில் அவருக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல். கூட வரச் சொல்கிறார். நான் என்னவாக அவருடன் போவது? எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் ‘மணமானவர்’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு, கணவர் எங்கே என்ற கேள்விக்கு முழிக்கிறேன். நான் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

போன முறை நீ ஒரு கேள்வி கேட்டாய். “அண்ணன் திரும்பி வந்தா எந்த வீட்டுக்கு வருவான், அண்ணி?” என்றாய். இப்போது சொல்கிறேன். அவர் வருவார் என்று பதினொரு வருடம் அந்த வீட்டிலேயே கிடந்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆகிறது. மூச்சு முட்டுகிறது, தம்பி. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணி


மார்ச் 5

அண்ணிக்கு,

படிவம் வந்தது. கிழிக்கவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடவும் இல்லை. கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு ஒரு கிதார் ரிப்பேருக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய எலெக்ட்ரிக் கிதார்களை வாங்கிச் சேர்க்கும் பைத்தியம் அவருக்கு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே பழகியவர், கிதாரையும் டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். இதை ஏதோ ஒரு ஊரில் பழைய சாமான் கடையில் பிடித்தாராம். “யாரோ கைய வச்சிக் கெடுத்திருக்கான். ஃபாக்டரியிலேர்ந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி வேணும்” என்றார். இருபதாம் தேதிக்குள் வேண்டுமாம்.

கெடுத்திருக்கிறார்கள்தான். சுவருக்கு அடிப்பதுபோலப் பிரஷ்ஷால் கருப்பு பெயிண்ட் அடித்து, பிரஷ் மயிர் ஒன்று அதிலேயே ஒட்டிக் காய்ந்திருக்கிறது. தலையில் இருந்த கம்பெனிப் பெயரைச் சுரண்டியிருக்கிறார்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டுதான் இருக்க வேண்டும். கட்டையை உளியால் குடைந்து மூன்றாவது ஒன்றை வைத்திருக்கிறார்கள். கம்பி முறுக்கும் ஆறு சாவியும் ஆறு ஜாதி. முதலில் இது எந்த வருடத்துக் கிதார் என்று கண்டுபிடிக்கக் கழுத்தைக் கழற்றினேன். அடிக்கட்டையில் தொழிற்சாலைக்காரர்கள் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதியிருந்தார்கள். அண்ணன் பிறந்த வருடம், அவன் பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதம். ‘என் கூடப் பிறந்தது நீ இல்லடா, இதுதான்’ என்று தன் கிதாரைக் காட்டி என்னை வம்புக்கு இழுப்பானே, நினைவிருக்கிறதா? கழுத்துக்கு அடியில் அதைத் தவிரச் சொல்லும்படி எதுவும் இல்லை.

அந்த மாதத்தில் ஆயிரம் கிதார் செய்திருப்பார்கள் என்று என்னையே அதட்டிக்கொண்டு மேலே பார்த்தேன். ஒரு ஓரத்தில் பிளேடால் சுரண்டினேன். கருப்புக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் வெண்ணெய் நிறம், அண்ணனுடைய கிதாரின் நிறம். மூடியைக் கழற்றி வயர்கள் போகும் பள்ளத்தைப் பார்த்தேன். பதின்மூன்று வயதில் நான் சூட்டோடு சால்டரிங் அயர்னைக் கீழே போட்டுக் கரித்த தழும்பு, கால்புள்ளி மாதிரி, அங்கேயே இருக்கிறது. தோள் பட்டை மாட்டும் ஸ்க்ரூ ஆடாமல் இருக்க அதன் ஓட்டையில், தலையைக்கூடக் கிள்ளாமல் திணித்த இரண்டு தீக்குச்சி. அடுப்படியில் தீப்பெட்டி காணவில்லை என்றால் நீங்கள் யாரைக் கேட்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது அண்ணனுடைய கிதார். படகு கவிழ்ந்த அன்று அவன் தோளில் மாட்டிக்கொண்டு போன கிதார். எனக்குப் பதிலாக, நான் வாசிக்க வேண்டிய மேடைக்கு, அக்கரைக்குப் போனவன். நான் போயிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான். பதினொரு வருடமாக அந்த ஒரு நினைப்போடுதான் எழுந்திருக்கிறேன். அவன் உயிரோடு இருக்க ஒரு நூலளவு வழி இருந்தாலும் நான் அந்தத் தாளில் கை வைக்க மாட்டேன். எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

தம்பி


மார்ச் 8

தம்பி,

உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. அப்போது ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுத் தேய்த்ததில் வில்லை பாழாகிவிட்டது. இப்படித்தான் செய்கிறாய் நீ. மூடி வைத்ததை எல்லாம் திறந்து விடுகிறாய்.

சரி, அது அவருடைய கிதார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? படகு கவிழ்ந்த இடத்தில் மீனவர்கள் எத்தனை நாள் தேடினார்கள். பைகளும் செருப்புகளும் எடுத்தார்கள். யாராவது கிதாரையும் எடுத்து, காய வைத்து, விற்றிருக்கலாம். இல்லையென்றால் படகுத் துறையில் அவர் டீ குடிக்கப் போன நேரம் எவனாவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அவர் வெறுங்கையோடு ஏறியிருக்கலாம். மரக்கட்டை கிடைத்துவிட்டால் மனிதர் கிடைத்துவிட்டார் என்று ஆகிவிடுமா?

எத்தனை பிணவறைக்குப் போய் வந்தேன் என்று உனக்குத் தெரியுமா? முதல் இரண்டு நீ கூட வந்தாய். அப்புறம் உன்னால் முடியவில்லை. நான் தனியாகப் போனேன். அடையாளம் தெரியாத ஆண் உடல் என்று எங்கே செய்தி வந்தாலும் பஸ் ஏறினேன். ஆறு வருடத்தில் பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் துணியை விலக்குவதற்கு முன்னால், அவராக இருக்கக் கூடாது என்று நினைப்பேன். கடைசி சில முறை, அவராகவே இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பஸ்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு அவர் உயிரோடு வேண்டாம். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. உறுதியாக ஏதாவது இருந்தால் எழுது. இல்லையென்றால் அந்தப் படிவத்தை டிராயரிலிருந்து எடு.

அண்ணி


மார்ச் 11

அண்ணி,

இது தண்ணீரில் விழுந்த கிதார் இல்லை. பிக்கப்புக்குள் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். ஒரு முறை ஆற்றுத் தண்ணீர் பட்டால் போதும், பச்சை பிடித்து ஊமையாகிவிடும். இதில் பழைய இரண்டும் பேசுகின்றன. கட்டை எங்கும் உப்பவில்லை. ஒட்டு விடவில்லை. ஆக, கிதார் படகில் ஏறவே இல்லை.

திருடு போயிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், நேற்றுக் காலை வரைக்கும். நேற்றுக் காலையில்தான் வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றினேன். அது பழையது இல்லை, யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதன் முதுகில் எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று எண்கள் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை படித்தேன். படகு கவிழ்ந்து நாலு வருடம் கழித்துச் செய்த உருப்படி அது.

திருடன் மாற்றியிருக்கலாமே என்று சொல்வீர்கள். திருடனால் இப்படி மாற்ற முடியாது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாராலும் முடியாது. நாங்கள் வயரிங் கற்றுக்கொண்டது ஒரே ஒரு படத்தைப் பார்த்து. ரேடியோ ரிப்பேர் கடைச் சுவரில் இருந்த படத்தை அண்ணன் எண்ணெய்த் தாள் வைத்து நகல் எடுத்து வந்தான். நோட்டில் ஒட்டும்போது தாளைத் திருப்பி ஒட்டிவிட்டான். இடம் வலமாகிவிட்டது. வால்யூம் கண்ட்ரோலுக்கு மூன்று கால் உண்டு. ஓரத்துக் கால் இரண்டையும் மாற்றி இணைத்தால், வலப்பக்கம் திருப்பும்போது கூட வேண்டிய சத்தம் இடப்பக்கம் திருப்பும்போது கூடும். நாங்கள் கை வைத்த எல்லாம் அப்படித்தான் பாடின. உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கடையில் முதலாளி கன்னத்தில் ஒன்று விட்டுத் திருத்தினார். அண்ணன் யார் சொல்லியும் திருந்தவில்லை. கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டார் கத்துகிறார்களே என்று நீங்கள் சத்தத்தைக் குறைக்கப் போய், குமிழை வழக்கம்போலத் திருப்பித் தெருவையே எழுப்பிவிட்டீர்கள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்தக் கிதாரில், நாலு வருடம் கழித்துச் செய்த அந்த வால்யூம் கண்ட்ரோலின் கால்கள் மாறியிருக்கின்றன. வயரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஈயம் வைக்கும் பழக்கமும் அவனுடையது.

அண்ணன் சாகவில்லை. நான் அவனைக் கொல்லவில்லை. அவனைக் கண்டுபிடித்துவிடலாம் அண்ணி. பல் டாக்டரிடம் அந்தப் பழைய சாமான் கடை எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 13

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

தாங்கள் எழுதியதை ஒரு முறை தாங்களே படித்துப் பாருங்கள். உலகத்தில் அப்படி வயர் இணைக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் படகோடு போய்விட்டார். இன்னொருவர் கடையில்தான் இப்போது அந்தக் கிதார் இருக்கிறது. அவர் கையில் சால்டரிங் அயர்னும் இருக்கிறது, டப்பா டப்பாவாகப் பழைய வால்யூம் கண்ட்ரோல்களும் இருக்கின்றன. என் கடிதம் வந்த பிறகுதான் இதெல்லாம் கிளம்புகிறது.

மூன்று வருடத்துக்கு முன் படிவத்தைக் கிழித்தீர்கள். இந்த முறை கிழித்தால் ஊர் கேட்கும் என்று இப்படி ஒரு வேலை செய்திருக்கிறீர்கள். தங்களுடைய மனச்சாட்சிக்கு ஒரு தலையணை வேண்டும், அதற்கு என் வாழ்க்கையைக் கேட்கிறீர்கள். தங்கள் அண்ணன் உயிரோடு இருந்தால் தாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நான் என்ன ஆனாலும் பரவாயில்லை, அப்படித்தானே?

பத்தொன்பது வயதுப் பையனாக என் கையால் சாப்பிட்டவர் தாங்கள். அதற்காகவாவது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கையெழுத்துப் போட விருப்பமில்லை என்றால் அந்தத் தாளை வெறுமனே திருப்பி அனுப்புங்கள். நீதிமன்றத்தில் என் தலையெழுத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் கிதாரைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடை விலாசம் மேலே


மார்ச் 15

அண்ணி,

நீங்கள் என்னை ‘ஐயா’ என்று எழுதியதை நேற்றிலிருந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நான்தான் செய்தேன் என்று சொன்னால்கூட எல்லாம் பொருந்துகிறது. அதை மறுக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை உங்களிடம் காட்டக் கூடாது என்றுதான் முதல் நாளிலிருந்து மறைத்தேன்.

கழுத்துக்கு அடியில் சொல்லும்படி எதுவும் இல்லை என்று எழுதினேன். அது பொய். அங்கே ஒரு அட்டைத் துண்டு இருந்தது. கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் கம்பிகள் தாழ்ந்து உரசி இரையும். அப்போது கழுத்து உட்காரும் குழியில் ஒரு அட்டையை வெட்டி வைத்து நிமிர்த்துவோம், ஆடுகிற மேஜைக் காலுக்கு வைப்பதுபோல. அந்த அட்டையை இதனுடன் அனுப்புகிறேன். ஏதோ ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டையிலிருந்து வெட்டியது. பெயர் இருக்கும் பக்கம் வெட்டில் போய்விட்டது. ‘பெண்’ என்ற சொல் மட்டும் ஓரத்தில் நிற்கிறது. இரண்டாவது ஊசி போட்ட முத்திரை, தேதி. படகு கவிழ்ந்து ஐந்து வருடம் கழித்து வந்த தேதி. அடுத்து வர வேண்டிய நாளைப் பேனாவால் எழுதி, அதைச் சுற்றி யாரோ ஒரு சதுரம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சதுரம் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. எண்களை மட்டும் பார்த்து அண்ணன் கையெழுத்துதான் என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. குப்பையில் கிடந்த எவர் வீட்டு அட்டையையோ அவன் எடுத்து வெட்டியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

ஏன் மறைத்தேன் என்று உங்களுக்கே தெரியும். குழந்தைக்காக நீங்கள் ஆறு வருடம் ஆஸ்பத்திரி படியேறியதைப் பார்த்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் மறைக்க ஒன்றும் வேண்டாம். படகு கவிழ்ந்த அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி அண்ணனை அனுப்பிவிட்டு, ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். அவள் வரக்கூட இல்லை. கடைவீதியில் மூன்று மணி நேரம் காத்துக்கொண்டு நின்றபோதுதான் படகு கவிழ்ந்த செய்தி வந்தது.

படிவம் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.

தம்பி


மார்ச் 18

தம்பி,

உன்னை ஐயா என்று எழுதிய விரலை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. மன்னித்துவிடு.

அந்தச் சதுரம் எதற்கென்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வழியே இல்லை. எங்கள் அறையில், அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு காலண்டர் மாட்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளை யாரும் பார்க்கக் கூடாது என்று உள்பக்கம் மாட்டினேன். ஒவ்வொரு முறை டாக்டர் தேதி சொன்னதும் உன் அண்ணன் வந்து அதைச் சுற்றிச் சதுரம் போடுவார். “எல்லாரும் வட்டம் போடுவாங்க, வட்டம் உருண்டு ஓடிடும். சதுரம்னா அங்கேயே உக்காந்திருக்கும்” என்பார். ஆறு வருடச் சதுரங்கள். இடப்பக்க மேல் மூலை மட்டும் மூடாமல் இருக்கும். கடையில் வில்லை பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இதிலும் மூடவில்லை.

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊசி போட்டதற்கு இரண்டு நாள் கழித்து நான் ஒரு பிணவறையில் நின்றிருக்கிறேன். பதின்மூன்றாவது முறை. அங்கே இருந்தவர் துணியை விலக்கினார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்.

படகில் ஏறாமல் எங்கே போனார், ஏன் போனார், போகும்போதே நினைத்துக்கொண்டு போனாரா, செத்துவிட்டார் என்று எல்லோரும் அழுவதைக் கேள்விப்பட்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக இதையேதான் அரைத்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் என்ன குறை என்று கேட்க ஆள் இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உனக்குக் காய்ச்சல் இல்லை என்று அன்றே எனக்குத் தெரியும். அவரே கிளம்பும்போது சொல்லிச் சிரித்தார். “காய்ச்சலெல்லாம் இல்ல, பய யாரையோ பாக்கப் போறான். போகட்டும், நான் போய்ட்டு வரேன்” என்றார். தெரிந்துதான் போனார். இதை நீ கேட்டிருந்தால் பதினொரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நானும் உன் முகத்தைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. நீ அவரைக் கொல்லவில்லை. அதை விட்டுவிடு.

எழுத்தரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் இந்த மனு செல்லாதாம். விவாகரத்து கேட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம். அவருக்குத் தாள் அனுப்பி, அவர் வந்து நின்று, வருடக்கணக்கில் நடக்குமாம். என்னை விட்டுவிட்டுப் போனவரிடம் நான் போய், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்க வேண்டும். பஸ்காரரிடம் சொன்னேன். வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “செத்தவருக்காகக் காத்திருந்தேன். உயிரோட இருக்கறவருக்கு எவ்வளவு நாள் காத்திருக்கறதுன்னு தெரியலயே” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே தெரியவில்லையே.

படிவத்தைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன். அந்த வரி பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்து நாலாம் தேதி நானும் கூண்டில் ஏறி அதே வரியை வாயால் சொல்ல வேண்டும். வாய் வருமா என்று அன்றுதான் தெரியும். உன்னைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஒரு குழந்தையின் எடை எழுதியிருக்கிறது. அதை என்னால் எரிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

நீ அந்தப் பழைய சாமான் கடைக்குப் போவாய், எனக்குத் தெரியும். போ. ஆனால் அவர் எப்படி இருக்கிறார், யாருடன் இருக்கிறார் என்று ஒரு வரி எழுதக் கூடாது. ஒன்றை மட்டும் எழுது. உன்னைப் பார்த்ததும் என்ன செய்தார்?

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், இருபத்து மூன்றுக்குள் வந்துவிடும் என்று சொன்னார்கள்.

நேற்று முன்தினம் போனேன். உங்கள் கடிதம் வருவதற்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். பழைய சாமான் கடைக்காரர் விற்றவரின் கடையை எனக்குக் கை நீட்டிக் காட்டினார், அதே தெருவின் கோடியில். தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். காலை பதினொரு மணி, நல்ல வெயில். கடையிலிருந்து வெளியே வந்த அண்ணன் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். நடுவில் ஒரு சைக்கிள் போகும் அகலம்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரிந்தது. சந்தேகமே இல்லை, வாயைத் திறந்தான். என் பெயரைச் சொல்லிவிடுவான் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். அவன் திரும்பி உள்ளே போய், ஷட்டரை உள்ளிருந்து இழுத்து இறக்கினான். வியாபார நேரத்தில், கடைக்குள் ஆள் இருக்கும்போதே. நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். ஷட்டர் ஏறவில்லை.

ஷட்டரைத் தட்டியிருக்கலாம். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, நாங்கள் அழுதது போதுமாடா என்று கேட்டிருக்கலாம். அதைத்தான் பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டு போனேன். உள்ளே இருந்து ஒரு குழந்தை ‘ஏன்பா மூடறீங்க’ என்று கேட்டது. அதற்கு மேல் என் கை எழவில்லை. யாரோடு என்று எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதை இந்த ஒரு வரியில் மீறிவிட்டேன்.

வந்ததும் டிராயரைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். இதனுடன் இருக்கிறது. பொய்தான். தெரிந்துதான் போட்டேன். தான் செத்ததாகவே இருக்கட்டும் என்று அவன் இரண்டு முறை முடிவு செய்துவிட்டான், அதில் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவனை உயிரோடு வைத்திருக்க இத்தனை வருடம் நான்தான் உங்களை மூச்சு விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூண்டில் ஏறியதும் வாய் வராவிட்டால், தாளில் இருக்கும் என் கையெழுத்தைப் பாருங்கள். அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் நான். நீங்கள் எனக்குப் பின்னால் சொன்னால் போதும். பஸ்காரரிடம் தாளைக் காட்டுங்கள். கண்ணாடியை இனிமேல் உடைக்க வேண்டாம் என்றும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கிதார் வேலை முடிந்தது. டாக்டரிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். கருப்பையும் நீலத்தையும் உரித்து வெண்ணெய் நிறத்துக்கு வந்தாயிற்று. உளியால் குடைந்த இடத்தில் கட்டை வைத்து அடைத்தேன். தழும்பைச் சுரண்டினேன். தீக்குச்சிகளை எடுத்துவிட்டுச் சரியான கட்டை இறுக்கினேன். அந்தக் காலத்து வால்யூம் கண்ட்ரோல் ஒன்று டப்பாவில் இருந்தது, அதை வைத்து, கால்களை முறைப்படி இணைத்தேன். வாசித்துப் பார்க்கும்போது என் கை தானாக இடப்பக்கம் திருப்பியது. சத்தம் அடங்கிப்போனது.

கடைசியில் கழுத்தை மாட்டினேன். அடியில் எதுவும் இல்லாமல் மாட்டினால் ஆறு கம்பியும் இரைந்தன. புது அட்டை வெட்டி வைத்தேன், உயரம் கூடிவிட்டது. தாள் மடித்து வைத்தேன், போதவில்லை. அரை நாள் மல்லுக்கட்டினேன். இன்று காலைத் தபாலில் உங்கள் கடிதமும் அந்த அட்டைத் துண்டும் வந்தன. அதை இருந்த இடத்தில் வைத்ததும் கம்பிகள் சுத்தமாகப் பேசின. எடுக்கவில்லை. எழுதிய பக்கத்தைக் கீழே வைத்து, நாலு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டேன்.

டாக்டர் வந்து டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். எல்லாம் ஒரிஜினல்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தம்பி